பழைய கம்ப்யூட்டரில் ஃபைல் சிஸ்டம் கெட்டால்: முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்

பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். வழக்கமான திரைக்குப் பதில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வருகின்றன. டிஸ்கைச் சரிபார்க்கப் போகிறேன், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு கீயை அழுத்தவும் என்று சொல்லி, நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இல்லையென்றால் விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது. டி டிரைவை கிளிக் செய்தால் மட்டும், பயன்படுத்தும் முன் இதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்கிறது. லினக்ஸ் வைத்திருந்தால் பாதி வழியில் நின்று, எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கருவியை நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு கட்டளை வரியில் விட்டுவிடுகிறது.

மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். டிஸ்கில் உள்ள ஃபைல் சிஸ்டம் குலைந்திருக்கிறது. அந்த நேரத்துப் பதற்றத்தில், திரை எதைக் கேட்கிறதோ அதற்குச் சரி என்று அழுத்திவிடுவதுதான் வழக்கம். தயவுசெய்து அழுத்தாதீர்கள். அந்த நிமிடத்தில் உங்கள் ஃபோட்டோக்களும் கணக்கு ஃபைல்களும் அநேகமாக டிஸ்கிலேயேதான் இருக்கின்றன. அவை மீட்க முடியாமல் போவது பல நேரம் அதற்குப் பிறகு, அவசரமாகச் செய்யும் ரிப்பேரில்தான். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

டிஸ்கில் என்ன இருக்கிறது

ஹார்ட் டிஸ்குக்கு உங்கள் ஃபைல்களைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் போட்ட சிறு துண்டுகள். ஒரு துண்டுக்கு செக்டார் என்று பெயர். பழைய டிஸ்குகளில் ஒரு செக்டார் 512 பைட். 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் இப்படி ஏறத்தாழ 97 கோடியே 67 லட்சம் செக்டார்கள் இருக்கும். எந்தெந்த செக்டார்களைச் சேர்த்தால் உங்கள் கல்யாண ஃபோட்டோ வரும், அதன் பெயர் என்ன, எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த இடமெல்லாம் காலி என்பதை ஃபைல் சிஸ்டம்தான் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புகளும் அதே டிஸ்கில், அதே மாதிரியான செக்டார்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

கிராமத்து நிலப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் வேறு, பதிவேடு வேறு. எந்தச் சர்வே எண் யார் பெயரில் இருக்கிறது, எது புறம்போக்கு என்பதைப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டைக் கரையான் அரித்தாலும் நிலம் எங்கும் போய்விடாது. யாருடையது என்று சொல்லத்தான் முடியாது. இங்கே செக்டார்கள்தான் நிலம், ஃபைல் சிஸ்டம்தான் பதிவேடு.

ஃபைல் சிஸ்டத்தில் வரும் கோளாறுகளும் இதே வகைதான். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் பட்டா வைத்திருப்பது போல, இரண்டு ஃபைல்கள் ஒரே செக்டார்களைத் தம்முடையது என்று சொல்லும். கிராஸ் லிங்க் என்று செய்தி வருவது இதற்குத்தான். நிலம் இருக்கும், உரிமையாளர் பெயர் எழுதிய பக்கம் மட்டும் கிழிந்திருக்கும். அதுபோல தரவு முழுசாக இருக்கும், எந்த ஃபோல்டரிலும் அதற்குப் பெயர் இருக்காது. மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் கவலை தருவது: ஒருவர் பயிர் வைத்திருக்கும் நிலம் பதிவேட்டில் புறம்போக்கு என்று இருப்பது. ஃபைல் உட்கார்ந்திருக்கும் இடம் காலி என்று குறிக்கப்பட்டிருக்கும். அடுத்து நீங்கள் எதைச் சேமித்தாலும் அது இந்த ஃபைலின் மேலேயே எழுதப்படலாம். குலைந்த டிஸ்கில் தொடர்ந்து வேலை செய்யக்கூடாது என்று சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

சரி, பதிவேடு எப்படிக் குலைகிறது? ஒரு ஃபைலைச் சேமிப்பது உங்களுக்கு ஒரு வேலை. டிஸ்குக்குக் குறைந்தது நான்கு. ஃபைலின் உள்ளடக்கத்தை எழுத வேண்டும். அந்த ஃபைலுக்கான பதிவை மாற்ற வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அது எம்எஃப்டி என்ற பட்டியலில் இருக்கிறது, லினக்ஸின் எக்ஸ்ட் வகைகளில் ஐநோடு என்று பெயர். காலி இடக் கணக்கைத் திருத்த வேண்டும். ஃபோல்டரில் பெயரைச் சேர்க்க வேண்டும். நான்கும் டிஸ்கின் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இரண்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் முன் கரண்ட் போய்விட்டால் கணக்கு ஒத்துவராது.

இதைச் சமாளிக்கத்தான் ஜர்னலிங் வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனி இடத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் உரிய இடங்களில் எழுதுவது. நடுவில் கரண்ட் போனாலும், மறுபடி ஆன் செய்யும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து மிச்ச வேலையை முடித்துவிடலாம், அல்லது ரத்து செய்துவிடலாம். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த என்டிஎஃப்எஸ்ஸில் இது முதலிலிருந்தே இருக்கிறது. லினக்ஸில் 2001-ல் எக்ஸ்ட்3 மூலம் பரவலாக வந்தது. ஃபேட்32-ல் கிடையாது, எக்ஸ்ஃபேட்டிலும் கிடையாது. பென் டிரைவையும் மெமரி கார்டையும் சொல்லாமல் பிடுங்கினால் அடிக்கடி கெடுவது இதனால்தான். விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் சரியாக ஷட் டவுன் செய்யாவிட்டால் அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் என்ற சரிபார்ப்பு ஓடியதும் இதே காரணத்தால்தான்.

ஜர்னல் இருந்தும் ஏன் கெடுகிறது? முதல் விஷயம், வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பாற்றுவது பதிவேட்டைத்தான், ஃபைலின் உள்ளடக்கத்தை அல்ல. கரண்ட் போன நேரத்தில் திறந்திருந்த ஃபைல் பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே வெறும் பூஜ்யங்களாக இருப்பது உண்டு. அடுத்தது, ஜர்னல் ஒரு விஷயத்தை நம்பித்தான் வேலை செய்கிறது: எழுதச் சொன்னதை டிஸ்க் அப்படியே எழுதும், எழுதியதை அப்படியே திருப்பித் தரும். பழைய கம்ப்யூட்டரில் உடைவது இந்த நம்பிக்கைதான்.

பழையதில் ஏன் அடிக்கடி

புது கம்ப்யூட்டரில் ஃபைல் சிஸ்டம் கெட்டால் கரண்ட் போனதாலோ சாஃப்ட்வேர் பிழையாலோ இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பெட்டியில் முதலில் ஹார்டுவேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதிலும் ஹார்ட் டிஸ்கை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது.

டிஸ்கில் சில செக்டார்கள் படிக்க முடியாமல் போவதைத்தான் பேட் செக்டார் என்கிறோம். ஒவ்வொரு டிஸ்கும் உபரியாகச் சில செக்டார்களை வைத்திருக்கும். கெட்ட செக்டாரில் மறுபடி எழுத நேரும்போது, சத்தமில்லாமல் உபரிக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் படிக்க முடியாத செக்டாரில் இருந்த பழைய தரவை அது எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. அந்த செக்டார் ஒரு ஃபோட்டோவின் நடுவில் இருந்தால் அந்த ஃபோட்டோ மட்டும் கெடும். எம்எஃப்டி பட்டியலிலோ ஒரு பெரிய ஃபோல்டரின் பதிவிலோ இருந்தால் பல ஃபைல்கள் ஒரே நேரத்தில் காணாமல் போகும்.

டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள், அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் பட்டையான ஐடிஇ கேபிள், வருடக்கணக்கான தூசியிலும் சூட்டிலும் தளர்ந்துபோகும். அப்போது திடீரென உறைந்து நிற்பது, டிஸ்க் காணாமல் போய் மறுபடி வருவது எல்லாம் நடக்கும். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி, அதே பழைய கேபிளில் மாட்டுகிறவர்கள் நிறைய பேர். புதிதும் சில வாரத்தில் அதே தொல்லையைக் கொடுக்கும்.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையும் வயதாகிறது. 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், 5 வோல்ட் வரி 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் கணக்கு. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பலவீனமானால் வேலைச்சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கும், டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே தடுமாறும். 2000-களின் முதல் பாதியில் வந்த பல மதர்போர்டுகளில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் இருந்தன என்பது உலகம் முழுவதும் தெரிந்த சங்கதி. கேபினட்டைத் திறந்து பாருங்கள். சிறு உருளைகளின் மேல்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை நம்பி ரிப்பேர் வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

ரேம் கோளாறை நான் தனியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், ஃபைல் சிஸ்டம் அந்தத் தவறான எண்ணை எந்தச் சந்தேகமும் இல்லாமல் டிஸ்கில் எழுதிவிடும். ஜர்னலும் அதைக் கண்டுபிடிக்காது. இதைவிட மோசம், அந்த ரேமை வைத்துக்கொண்டு ரிப்பேர் கருவியை ஓட்டுவது. அது சரியாக இருப்பதைத் தவறு என்று படித்து, திருத்துகிறேன் என்று நல்ல பதிவையும் கெடுக்கும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியை பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். ஒரு முழுச் சுற்றாவது முடியட்டும். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் குச்சிகளைக் கழற்றி, தொடும் பகுதியைத் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

மதர்போர்டில் காசு வடிவத்தில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், ஃபைல் சிஸ்டம் கெடாமலே கெட்டது போலத் தெரியும். தேதி பல வருடம் பின்னால் போய்விடும். லினக்ஸ் அதைப் பார்த்து, டிஸ்கைக் கடைசியாகப் பயன்படுத்திய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று முறையிடும். கூடவே, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, டிஸ்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறியிருந்தால் விண்டோஸ் 7 நீலத் திரையில் 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நிற்கலாம். இதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று ஃபார்மட் அடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியையும் அந்த ஒரு அமைப்பையும் திருப்பி வைத்தால் முடிந்துபோகிற விஷயம்.

மிகப் பழைய மென்பொருளுக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. பழைய ஸ்கேனருக்காகவோ பில்லிங் சாஃப்ட்வேருக்காகவோ விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் இருக்கின்றன. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பி சிடி, செக்டார் எண்ணை 28 பிட்டில் எழுதும் முறையில்தான் வேலை செய்தது. அதில் எட்டக்கூடிய எல்லை 137 ஜிபி. 2002-ல் வந்த சர்வீஸ் பேக் 1-ல்தான் இது நீங்கியது. அந்தப் பழைய சிடியை வைத்து 250 ஜிபி டிஸ்கில் எக்ஸ்பி போட்டு, 137 ஜிபி தாண்டி எழுத நேர்ந்தால் தரவு தவறான இடத்தில் விழுந்து, இருப்பதை அழித்துவிடக்கூடும். மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இருக்காது. டிஸ்க் நிறைய நிறையத்தான் வெளியே தெரியும்.

எழுதுவதை நிறுத்துங்கள்

முதல் வேலை, அந்த டிஸ்கில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது. சும்மா ஆன் செய்து பார்த்தாலே விண்டோஸ் பேஜ் ஃபைல், பதிவு ஃபைல்கள் என்று எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். கறுப்புத் திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தால் ஒரு கீயை அழுத்திச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு, பவரை நிறுத்துங்கள்.

அடுத்து டிஸ்கை எப்படிப் பார்ப்பது? இரண்டு வழி. பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் அதே கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ரேம் உள்ள பெட்டிகளுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலகுவானவை பொருந்தும். 32 பிட் பிராசஸர் என்றால் கவனம் தேவை. 2025-ல் வந்த டெபியன் 13 உட்படப் பல லினக்ஸ் விநியோகங்கள் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டன. இன்னொரு வழி, டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுவது. ரேம், எஸ்எம்பிஎஸ், கேபிள் மூன்றின் மேலும் சந்தேகம் இருக்கும்போது எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஒரே அடியில் மூன்றும் விலகிவிடுகின்றன. டெஸ்க்டாப்பின் மூன்றரை இன்ச் டிஸ்குக்குத் தனியாக 12 வோல்ட் தரும் அடாப்டர் வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபார்மட் செய்யலாமா என்ற கேள்வி மறுபடி வரும். வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

இப்போது டிஸ்கின் உடல்நிலை. 1990-களிலிருந்தே ஹார்ட் டிஸ்குகள் ஸ்மார்ட் என்ற முறையில் தம்மைப் பற்றிய கணக்கைத் தாமே வைத்திருக்கின்றன. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் அதைக் காட்டும். மேலே நல்ல நிலை என்று பச்சையில் வருவதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் நான்கு எண்களைத் தேடுங்கள். 5 என்பது இதுவரை உபரிக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது கைவிட்டவை. 199 என்பது கேபிள் வழியாகத் தரவு வரும்போது ஏற்பட்ட பிழைகள். இது ஏறியிருந்தால் சந்தேகம் டிஸ்கைவிட கேபிள் மேல்தான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களை பதினாறின் அடிமானத்தில், 05, சி5, சி6, சி7 என்று காட்டும்.

197-ல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்கில் ரிப்பேர் கருவி எதையும் ஓட்டக்கூடாது. நகல் எடுப்பது மட்டும்தான் அடுத்த வேலை. டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தாலோ, பயாஸிலேயே டிஸ்கின் பெயர் தெரியாவிட்டாலோ நகலும் நம்மால் ஆகாது. தரவு உங்களுக்கு உயிர் என்றால் அங்கேயே நிறுத்தி, டிஸ்கைத் திறந்து வேலை செய்யும் வசதியுள்ள தரவு மீட்பு நிலையத்திடம் கொடுப்பதுதான் சரி. மேலும் மேலும் ஆன் செய்து பார்த்தால், படிக்கும் முனை தட்டில் உரசி, அவர்களாலும் மீட்க முடியாமல் போகலாம்.

ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்து, லைவ் லினக்ஸில் டிரைவ் திறந்தும் விட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் மவுண்ட் செய்து, அதாவது லினக்ஸோடு இணைத்துத் திறந்து, வேண்டிய ஃபோல்டர்களை வேறு டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்ப ஃபோட்டோ, கணக்கு, எழுதிய ஆவணங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில்.

டிரைவ் திறக்கவில்லை, அல்லது செக்டார்கள் கெட்டிருக்கின்றன என்றால் டிஸ்க் முழுவதையும் செக்டார் செக்டாராக நகல் எடுக்க வேண்டும். இதற்கு குனூ டிடிரெஸ்க்யூவைவிட நம்பகமான இலவசக் கருவியை நான் பார்த்ததில்லை. சாதாரண காப்பி, படிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, சிறிது சிறிதாகப் படிக்க முயலும். சாகப்போகும் டிஸ்கின் மிச்ச ஆயுளை நல்ல பகுதிக்கு முதலில் செலவழிப்பது எவ்வளவு சரியான யோசனை! எதுவரை வந்தோம் என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். கட்டாயம் அதைக் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகி நிறுத்த நேர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு எச்சரிக்கை. நகல் போகும் டிஸ்க் மூலத்தின் அளவாவது இருக்க வேண்டும். நகலை ஒரே ஃபைலாக எடுத்தால், அதை வைக்கும் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. எது மூலம், எது நகல் என்பதை அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து, கட்டளையை எழுதிய பின் மறுபடி ஒருமுறை படித்து, அப்புறம் என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

இப்போது ரிப்பேர்

விண்டோஸின் செக்டிஸ்க்கும் லினக்ஸின் எஃப்எஸ்சிகே-வும் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்ற எழுதப்பட்டவை அல்ல. கணக்கு ஒத்துவரும்படி பதிவேட்டைச் சீராக்குவதுதான் அவற்றின் வேலை. எம்எஃப்டி பதிவு ஒன்று படிக்க முடியாமல் குழம்பியிருந்தால், செக்டிஸ்க் அந்தப் பதிவை நீக்கிவிட்டு மேலே போகும். அதன் பார்வையில் டிரைவ் சரியாகிவிட்டது. உங்கள் பார்வையில் ஒரு ஃபைல் போய்விட்டது. லினக்ஸின் கருவி, இரண்டு ஃபைல்கள் உரிமை கோரும் இடத்தை ஆளுக்கொரு நகலாகப் பிரித்துக் கொடுக்கும். உண்மையில் அது யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒன்று சரியாகவும் மற்றது குப்பையாகவும் இருக்கும். இந்த முடிவுகள் எல்லாம் டிஸ்கிலேயே எழுதப்படுகின்றன, திரும்பப் பெற வழியில்லை. நகல் கையில் இருக்கும்போது ரிப்பேர் தப்பாகப் போனால் இன்னொரு முறை முயலலாம். நகல் இல்லையென்றால் அந்த ஒரே முயற்சிதான்.

விண்டோஸில் செக்டிஸ்கை எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டினால் பார்த்து மட்டும் சொல்லும், எதையும் மாற்றாது. முதலில் அதைச் செய்யுங்கள். சாய்கோடு எஃப் கொடுத்தால் திருத்தும். சாய்கோடு ஆர் கொடுத்தால், திருத்துவதோடு டிஸ்கின் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்க்கும்; பெரிய டிஸ்கில் மணிக்கணக்கில் ஆகும். யூடியூபில் எல்லோரும் எடுத்ததும் சாய்கோடு ஆர் போடச் சொல்கிறார்கள். நலிந்த டிஸ்குக்கு அது தாங்க முடியாத சுமை. நகல் எடுக்காமல் அதை ஓட்டச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். விண்டோஸே திறக்காத நிலையில் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து ரிப்பேர் பகுதிக்குப் போய்க் கமாண்ட் பிராம்ட்டில் ஓட்டலாம். அங்கே உங்கள் சி டிரைவ் டி என்று வேறு எழுத்தில் தெரியலாம்; உள்ளே என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெயர் தொலைந்த துண்டுகளைச் செக்டிஸ்க் பெரும்பாலும் ஃபவுண்ட் புள்ளி 000 என்ற மறைந்த ஃபோல்டரில் போடும். அவற்றின் பெயர் சிஎச்கே என்று முடியும். லினக்ஸில் இதே வேலைக்கு லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அங்கே பெயருக்குப் பதில் ஐநோடு எண் இருக்கும். ஃபைல் என்ற கட்டளையைக் கொடுத்தால் எது ஃபோட்டோ, எது பிடிஎஃப் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிடும்.

எக்ஸ்ட்4 டிஸ்குக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். மவுண்ட் ஆகியிருக்கும்போது எஃப்எஸ்சிகே-வை ஓட்டவே கூடாது. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது இருக்கும் டிரைவை மவுண்டிலிருந்து விடுவிக்க முடியாது என்பதால்தான் லைவ் பென் டிரைவ் தேவைப்படுகிறது. கழித்தல் குறியோடு என் கொடுத்தால் எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று தானே பதில் சொல்லிக்கொண்டு, பிழைகளை மட்டும் காட்டும். பட்டியல் பத்து வரியோடு முடிந்தால் கவலையில்லை. பக்கம் பக்கமாக ஓடினால் ஹார்டுவேரைச் சரிபார்க்காமல் திருத்தத் தொடங்காதீர்கள். சூப்பர்பிளாக், அதாவது ஃபைல் சிஸ்டத்தின் முகப்புக் குறிப்பு, கெட்டுவிட்டது என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதற்கு டிஸ்கில் பல இடங்களில் நகல் இருக்கிறது. வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் கருவி அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸிலிருந்தே சரிசெய்ய என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில அடிப்படைப் பிழைகளை மட்டும் தொட்டு, ஜர்னலைக் காலி செய்து, அடுத்த முறை விண்டோஸ் சரிபார்க்கட்டும் என்று குறி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு விண்டோஸ்தான் சரி.

டிரைவே காணவில்லை, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்டிஷன் பட்டியலே போய்விட்டது என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை எடுங்கள். என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டாரான பூட் செக்டாரின் நகலை பார்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். அதை எடுத்து முன்னால் வைத்ததுமே எல்லா ஃபோல்டரும் திரும்பி வருவதுண்டு. அதோடு சேர்ந்து வரும் ஃபோட்டோரெக், பதிவேட்டைச் சுத்தமாக மறந்துவிட்டு செக்டார்களை நேராகப் படிக்கிறது. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். அதைப் பார்த்ததும் இங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்கள் முழுதாக வராது. ஆனால் வேறு எதுவும் பலிக்காத இடத்தில் ஆயிரக்கணக்கான ஃபோட்டோக்களைத் தந்துவிடும்.

ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வது ஒரு வகையில் உண்மை. புதிய வெற்றுப் பதிவேடு கிடைக்கிறது. குவிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் ஹார்ட் டிஸ்கில் பழைய தரவு பெரும்பாலும் இருக்கும், ஃபோட்டோரெக் அதை எடுக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஃபுல் ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. அதன் பிறகு எதுவும் மீளாது. பழைய பெட்டியில் எஸ்எஸ்டி மாட்டியிருந்தால், காலி என்று குறித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும் டிரிம் வசதி காரணமாகக் குவிக் ஃபார்மட்டே போதும், எல்லாம் போய்விடும்.

மறுபடி கெட்டால்

ரிப்பேர் முடிந்து சில வாரத்தில் மறுபடி அதே கறுப்புத் திரை வந்தால், காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சரிசெய்திருக்கிறோம் என்று பொருள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஃபைல்கள் கெடுகின்றன, ஸ்மார்ட் எண்கள் அசையவில்லை என்றால் ரேம். கரண்ட் போன மறுநாள் மட்டும் வருகிறதென்றால் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். பல வீடுகளில் யுபிஎஸ் பெயருக்கு இருக்கும். உள்ளே பேட்டரி செத்து, கரண்ட் போன நொடியே அதுவும் அணைந்துவிடும். 5-ம் 197-ம் வாரத்துக்கு வாரம் ஏறுகின்றன என்றால் டிஸ்கின் காலம் முடிந்தது. அதைச் சினிமா வைத்துக்கொள்ளவும் பயன்படுத்த வேண்டாம்.

ஹார்டுவேர் எல்லாம் சுத்தமாக இருந்தும் கெடுகிறதென்றால், ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றனவா என்று யோசியுங்கள். தமிழ்நாடு அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் தொடக்க காலத்தவை விண்டோஸும் பாஸ் லினக்ஸுமாகச் சேர்ந்தே வந்தன. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. விண்டோஸை ஹைபர்நேட் செய்துவிட்டு, அதாவது அப்போதைய நிலையை டிஸ்கில் சேமித்து அணைத்துவிட்டு, லினக்ஸில் போய் அதே என்டிஎஃப்எஸ் டிரைவில் எழுதினால், திரும்பி எழும் விண்டோஸ் தன் நினைவில் இருக்கும் பழைய கணக்கை வைத்தே தொடரும். இரண்டு கணக்கும் மோதி டிரைவ் குலையும். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக, சாதாரண ஷட் டவுனும் பாதி ஹைபர்நேட்தான். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

கேபிளை மாற்றிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஸ்மார்ட்டின் 199-ஆம் எண் ஏறும், இறங்காது. புதுக் கேபிள் போட்டாலும் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். ஆகவே அன்றைய தேதியோடு 5, 197, 198, 199 நான்கின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 199 நகராமல் இருந்தால் குற்றவாளி கேபிள்தான். டிஸ்க் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். அப்போதும் ஏறியிருந்தால் மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றி, அதே தாளில் அடுத்த வரியில் புது எண்களை எழுதுங்கள்.